குங்குமத்துக்கு அடியில் நாலு எண்

இதை எழுத வேண்டும் என்று நான் முதன்முதலில் நோட்டை எடுத்தபோது என் பேத்தி பிறந்திருக்கவில்லை. இப்போது அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். நடுவில் எத்தனையோ தரம் எடுத்தேன், வைத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், ஊதுபத்திக் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவில் காலத்தை ஓட்டியவன், நமக்கு எதற்கு எழுத்து என்று ஒரு கூச்சம். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. அந்த அக்காவைப் பற்றி எழுதினால், நான் அவரிடம் பேசிய ஒரு பேச்சையும் எழுதியாக வேண்டும். அதை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், அப்புறம் நான் விளக்கேற்றி என்ன பயன்? இன்று திங்கட்கிழமை. எங்கள் மலைத்தெய்வம் மாதேஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது.

மைசூரில், மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்தில், எங்களுக்கு மூன்றாவது வீட்டில் அக்கா குடியிருந்தார். எங்களைப் போலவே ஹனூர்ப் பக்கத்து மனுஷி, பிறந்தது மார்டள்ளி. கணவர் அரசு பஸ் டிரைவர். அவர் காய்ச்சலில் போன பிறகு, கருணை அடிப்படையில் அக்காவுக்கு டிப்போவில் வேலை கொடுத்தார்கள். ஆபீசில் உட்கார வைக்கவில்லை, டயர் செக்ஷனுக்கு அனுப்பினார்கள். நானாக இருந்தால் மனு எழுதிக்கொண்டு அலைந்திருப்பேன். அக்கா சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய வேலையை ஒரு விடியற்காலையில் நான் நேரில் பார்த்தேன். கொள்ளேகால் போக முதல் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் நிறைய ஆள். டிரைவர் ஏறி உட்கார்ந்தாயிற்று, இஞ்சின் ஓடுகிறது, ஆனால் பஸ் நகரவில்லை. எட்டிப் பார்த்தால் அக்கா பின்சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் வெளிப்பக்கம் பார்ப்பார்கள். இவர் கை உட்பக்கம்தான் முதலில் போகும். தடவி முடித்து எழுந்து, பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அதன் பிறகுதான் டிரைவர் கியரைப் போட்டார். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் அந்தத் தட்டு எதற்கு என்று தெரியாது. எங்கள் ஊர்க்காரி ஒருத்தியின் கைக்கு ஒரு பஸ் காத்து நிற்கிறதே என்று எனக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் சந்தில் அவரோடு புழங்குவது சுலபம் இல்லை. நாம் ஒரு பொருளை வாங்கிக் காட்டினால் எதிரில் இருப்பவர் என்ன சொல்வார்? "நல்லா இருக்கு" என்பார். மனசுக்கு அதுதானே வேண்டும். அக்கா வாயில் அந்த வார்த்தை சும்மா வராது. தொட்டுப் பார்ப்பார், புரட்டிப் பார்ப்பார், உள்ளதைச் சொல்வார். நான் வீட்டுக்கு மேலே ஒரு அறை கட்டிப் பால் காய்ச்சியபோது, வந்தவர்கள் எல்லாம் வாழ்த்திவிட்டுப் போக, அக்கா சுவரில் கையை வைத்து, "தெக்குச் செவுரு இன்னும் ஈரமா இருக்குது தம்பி, பீரோவை ஒட்டி வெக்காதீங்க" என்றார். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. பீரோவை ஒட்டித்தான் வைத்தோம். மழைக்காலத்தில் பின்பலகை பூஞ்சை பூத்துப்போனது. அப்போதும், "அன்னைக்கே சொன்னனே" என்று அவர் கேட்கவில்லை. வந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாத்தோணும்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் சந்துக் குழந்தைகள் போகும் பள்ளிக்கூட வேன் ஒன்று உண்டு. ஒருநாள் காலையில் டூட்டி முடிந்து வந்தவர் அதன் முன்னால் குனிந்துவிட்டார்.

"ஏனுங் டிரைவரே, இது டயரா, திருப்பதிக்குப் போயிட்டு வந்த தலையா?"

"ஓடுது பாருங்க ஆன்ட்டி. நேத்துகூட ரிங் ரோடு போயிட்டு வந்தேன்."

"ஓடறதுக்கு மொட்டையே போதுமுங்க. நிக்கறதுக்குத்தான் முடி வேணும்."

டிரைவர் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். மறுநாளும் அக்கா அதே இடத்தில் நின்றார். மூன்றாம் நாள் வேனுக்குள் ஏறுகிற குழந்தைகளின் அம்மாமார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, அந்த வழுக்கை டயர்மேல் வைத்துக் காட்டினார். அதற்கு அடுத்த வாரம் வேனுக்கு நாலு புது டயர். டிரைவர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

இப்போது என் காருக்கு வருகிறேன்.

பழைய கார்தான், ஒருத்தர் ஓட்டிக் கொடுத்தது. அதில்தான் என் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. மகளைச் சத்தியமங்கலத்தில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு இங்கே கூட்டி வந்துவிட வேண்டும். வழியில் திம்பம் மலை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி மழை வேறு தொடங்கும் நேரம். அதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குத் தங்காமல் போயிருந்தது. அதனால் நாங்கள் மூச்சு விடுவதற்குக்கூட நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டயர் நாலும் தேய்ந்திருந்தது. அக்காவிடம் கேட்டேன்.

"வெயிலுக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணுன்னு நாம டயர் மாத்தறதில்லீங்க தம்பி. ஒரே டயரு சித்திரை வெயிலும் தாங்கோணும், மழையிலும் புடிக்கோணும். எல்லாக் காலத்துக்கும் ஆகற டயருன்னு கேளுங்க. ரப்பர் மெத்துனு இருக்கோணும். தண்ணி ஓடறதுக்கு வரி ஆழமா இருக்கோணும். அப்பறம் அது எப்பப் பொறந்துச்சுன்னு பாக்கோணும். வெள்ளிக்கெழமை எனக்கு லீவு, நானே வர்றன்."

வெள்ளிக்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிடும். பூஜைக்குப் புது டயரோடு வண்டி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அக்கா வந்தால் கடையில் எதையாவது வேண்டாம் என்பார், இந்த நல்ல காரியத்தில் வேண்டாம் என்ற சொல்லே காதில் விழக் கூடாது என்று நினைத்தேன். பெரிய ரோட்டில் ஒரு கடையில் தசரா தள்ளுபடி என்று துணி கட்டியிருந்தார்கள். தனியாகப் போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரர் நாலு டயருக்கும் கறுப்புப் பாலிஷ் போட்டு, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டும் வைத்து அனுப்பினார். எவ்வளவு பக்தி என்று நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆயுத பூஜை அன்று சந்து முனையில் காரை நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மறுநாள் விஜயதசமி விடியலில் புறப்படுவதாகத் திட்டம். மனைவி மகளுக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றிக் காட்டி முடித்தேன். அந்த நேரத்தில் அக்கா டூட்டி முடிந்து வந்தார்.

வழக்கம்போல, "புதுசுங்களா" என்று கேட்டுக்கொண்டே குனிந்தார். முன்சக்கரத்தைத் தடவினார். பிறகு டிபன் பையில் இருந்த துணியைக் குழாயில் நனைத்து வந்து, டயரில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரே இழுப்பில் துடைத்தார்.

எங்கள் ஜனத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று படிக்கிற உங்களுக்கே தெரியும். கணவனை இழந்தவர், பூஜை முடிந்த வண்டியில், பிள்ளைத்தாய்ச்சி ஏறப் போகிற வண்டியில், பொட்டை அழிக்கிறார். என் மனைவி "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"பொட்டழிக்கற கைன்னு தெரிஞ்சுதான் உங்களைக் கடைக்குக் கூப்பிடாம போனேன். இங்கயும் வந்து அழிச்சிட்டீங்களே" என்றேன்.

சொல்லிவிட்டேன். இதுதான் அந்தப் பேச்சு. இத்தனை வருடம் நோட்டை மூட வைத்த பேச்சு.

அக்காவின் கை டயர்மேல் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "கை கெடக்கட்டும் தம்பி. நம்பரைப் பாருங்க" என்றார்.

நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா காக்கிச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் நகர்ந்தார். மற்ற மூன்று டயரிலும் எண் இருக்கும் பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தார். எழுந்து முதுகு மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"டயருல நாலு எண்ணு போட்டிருக்கும். மொத ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். நாலும் ஆறு வருசத்துக்கு முந்தினதுங்க."

"ஓடாத டயரு அக்கா. புது டயருல நிக்கற ரப்பர் முள்ளுகூட இன்னும் உதிரல" என்றேன்.

"ஓடலீன்னா புதுசாயிருமா? ஆறு வருசமா கொடவுன்ல காஞ்சிருக்குது. வரிக்குள்ள பாருங்க, பொடி வெடிப்பு. நகத்தை அழுத்திப் பாருங்க, ரப்பர் கல்லாட்டம் இருக்குது. வெயில்ல ஓடும். மழையில மலை எறங்கும்போது பிரேக் போட்டா நிக்காது."

"சாமி பாத்துக்கும்" என்றேன்.

"பாக்குமுங்க. யாரு இல்லைன்னது? நமக்குக் கண்ணும் அதுதானே குடுத்திருக்குது."

அப்போது மனைவியின் கையில் இருந்த போனில் இருந்து மகளின் குரல் வந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"அப்பா. அத்தை சொன்ன எடத்துல நகத்தை வெச்சுப் பாருங்க."

நான் அசையவில்லை.

"எம் புள்ளையக் கூட்டிட்டு வரப் போறது அந்த டயர்தானேப்பா. குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். கட்டை விரல் நகத்தைப் பலம்கொண்ட மட்டும் அழுத்தினேன். தடம் விழவில்லை. சந்தனம் இருந்த இடத்தில் அந்த நாலு எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. எழுந்து பார்த்தபோது அக்கா தன் வீட்டுக்குள் போயிருந்தார்.

விஜயதசமிப் பயணத்தை நிறுத்தினேன். நல்ல நாள் தவறிப்போகிறதே என்று மனைவி அழுதாள். விஜயதசமி கழிந்த மறுநாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "கடை பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. வண்டியை மெல்ல ஓட்டுங்க" என்றார். அரை நாள் லீவு போட்டிருந்தார்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். பாதித் தமிழ், பாதிக் கன்னடத்தில் ஆரம்பித்தார். "பூஜெ ஆகிப்போன டயரை வாபஸ் எடுக்க ஆகல்லம்மா. அது தேவருக்குச் சேர்ந்தாச்சு."

"பூஜை ஆனது முந்தாநாளுங்க. அதுக்கு முன்னாடி ஆறு வருசம் உங்க கொடவுன்ல யாருக்குச் சேந்து கெடந்துச்சு?"

"எல்லாம் நல்ல மால். நீங்க யாரும்மா, நடுவுல?"

"டிப்போ டயர் செக்ஷனுங்க."

கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். அக்காவும் சண்டை போடவில்லை. வாசலில் அடுக்கியிருந்த டயர்களிடம் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, அதில் இருந்த எண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல உரக்கப் படிக்கத் தொடங்கினார். "இது மூணு வருசம். இது நாலு. இது பரவால்லீங்க, போன மாசம். இது அஞ்சு." ஸ்கூட்டருக்கு டியூப் வாங்க வந்தவர் கிட்டே வந்து நின்றார். ஆட்டோக்காரர் ஒருவர் தன் டயரையும் பார்க்கச் சொன்னார். ஐந்தாவது டயருக்கு மேல் கடைக்காரருக்குத் தாங்கவில்லை.

"அம்மா, சாக்கு. உள்ள வாங்க. பேக்காதத நீங்களே எடுங்க" என்றார். போதும், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

மூன்று ரகம் உருட்டி வந்தார்கள். ஒன்று அகலமாக, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. எனக்கு அதன்மேல் கண் போனது. அக்கா கார்க் கதவைத் திறக்கச் சொல்லி, கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். "வண்டி செஞ்சவனே என்ன சைஸு, எத்தனை காத்துன்னு எழுதி வெச்சிருக்கான். அவனைவிட நமக்குத் தெரியாதுங்க." இரண்டாவது ரகம் நெடுநாள் உழைக்கும் என்றார் கடைக்காரர். அக்கா நகத்தை வைத்துப் பார்த்து, "உழைக்கும், ஆனா கெட்டி. வருசத்துல பாதி நாள் மழை ரோட்டுல ஓடற வண்டிக்கு வேண்டாம்" என்று தள்ளினார். மூன்றாவதைத்தான் மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வரிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். நடுவில் தண்ணீர் ஓட அகலமான வாய்க்கால், ஓரத்தில் பிடிப்புக்கு நெருக்கமான வெட்டு. பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே ரகத்தில் நாலையும் எண் பார்த்துப் பொறுக்கினார். எண் வெளியே தெரியும்படி மாட்டச் சொன்னார். மாட்டி முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

"புது ரப்பருல ஒரு வழவழப்பு இருக்கும். நஞ்சன்கூடு, சாம்ராஜ்நகர் தாண்டற வரைக்கும் வெரசலா ஓட்டாதீங்க, பிரேக்கைச் சட்டுனு மிதிக்காதீங்க. மலைக்குப் போறதுக்குள்ள தயாராயிரும்." சொல்லிவிட்டு, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு டிப்போவுக்கு நடந்தார்.

நாங்கள் நஞ்சன்கூட்டில் நஞ்சுண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மெல்லவே போனோம். மறுநாள் வளைகாப்பு நன்றாக நடந்தது. மகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது பிடித்தது மழை. ரோடு முழுக்கத் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. எதிரே வந்த லாரிகள் ஒவ்வொரு வளைவிலும் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டன. நான் பிரேக்கில் கால் வைத்த இடத்தில் எல்லாம் வண்டி நின்றது. மனைவி கண்ணை மூடிக் கவசம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சாமியையும் நினைத்தேன், அக்காவின் கையையும் நினைத்தேன். இரண்டையும் பிரித்து நினைக்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

வீடு சேர்ந்த மறுநாள் அக்காவிடம் போனேன். "அன்னைக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க அக்கா" என்றேன். வேறு யாராக இருந்தாலும், "அட, விடுங்க தம்பி" என்றிருப்பார்கள். அக்கா அப்படிச் சொல்லவில்லை.

"பேசினது தப்புத்தானுங்க தம்பி. சும்மா வாய்க்குப் பரவால்லீன்னு சொல்ல எனக்கு வரமாட்டீங்குது. வலிச்சுது. இன்னும் கொஞ்ச நாளு வலிக்கும். உக்காருங்க, டீ வெக்கறன்."

அந்த டீயைக் குடித்தேன். என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. இல்லாத மன்னிப்பைக் கொடுத்து அவர் என்னை ஏமாற்றவில்லை. எப்போது வலி போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் பேத்தி பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, அக்கா தானாக வந்து கையைக் கழுவி, குழந்தையை வாங்கி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்றார். அவர் வாயால் நான் அதைக் கேட்டது அந்த ஒரு தரம்தான். என் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள்.

ஓய்வு பெற்றதும் மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டார். இப்படி ஒருவர் எங்கள் சந்தில் இருந்தார், எங்கள் மலைப்பக்கத் தமிழ் பேசினார் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அவர் போன பிறகு சந்தில் கதை மாறத் தொடங்கிவிட்டது. மாதேஸ்வரன் அவர் கனவில் வந்து டயரைக் காட்டினான் என்கிறார்கள். பழைய டயர் அங்கேயே வெடித்தது என்கிறார்கள். மலையில் எங்கள் கார் விளிம்பில் போய் நின்று தப்பித்தது என்று ஒருவர் என்னிடமே சொல்கிறார். நான் சாமி கும்பிடுகிறவன். அதனால்தான் இந்தக் கதைகள் வேண்டாம் என்கிறேன். அவர் செய்த வேலையை எடுத்துச் சாமியிடம் கொடுத்தால், சாமியே வாங்கிக்கொள்ளாது.

ஆகவே படித்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், கார் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்தார், மண்ணில் படுத்து எண்ணைப் படித்தார், அவ்வளவுதான். நான் பேசிய பேச்சையும் எனக்காக இரங்கி விட்டுவிடாதீர்கள். கேட்பவர்கள், "அப்புறம் மலையில் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லுங்கள். இருபத்தேழு வளைவும், பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தாள் என்று சொல்லுங்கள்.